கதவு தாழிடாத வீடுகள்



இந்த முறை உங்களைக் கொஞ்சம் தூரம் நடக்க வைக்கப் போகிறேன். மொத்தம் பத்துப் பதினொரு நாள் நடை. ஏற்றமும் இறக்கமுமாகச் சுமார் 170 கிலோமீட்டர். பயப்பட வேண்டாம்! நாற்காலியில் உட்கார்ந்தபடியே, கையிலிருக்கும் தேத்தண்ணீர் ஆறுவதற்குள் போய்த் திரும்பிவிடலாம்.

"நடப்பதா? நாங்கள் நடக்காத நடையா?" என்று உங்கள் வீட்டுப் பாட்டி கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். விடியுமுன் இருட்டில் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மேட்டு நிரையும் பள்ளத்து நிரையுமாக ஏறி இறங்கி மரம் சீவி, பிறகு அதே நிரைகளில் காண்டா வாளியோடு பால் எடுத்தவர் அவர். காசு கொடுத்து மலையில் நடப்பவர்களும் உலகத்தில் உண்டு என்றால் அவருக்குச் சிரிப்புத்தான் வரும்.

சிரித்துவிட்டே கேட்கட்டும். ஏனென்றால் இந்தக் கதையிலும் சுமை தூக்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் உங்களை அழைத்துப் போகிறேன்.

மூன்று நாடு, ஒரு மலை

ஐரோப்பாவின் நடுவில் வில்லைப் போல வளைந்து கிடக்கிறது ஆல்ப்ஸ் மலைத்தொடர். நீளம் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். பிரான்ஸ், மொனாக்கோ, இத்தாலி, சுவிட்சர்லாந்து, லீக்டன்ஸ்டைன், ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவேனியா என்று எட்டு நாடுகளைத் தொட்டுப் போகிறது. அதன் மிக உயர்ந்த சிகரம் மோன் பிளாங்க். 'வெள்ளை மலை' என்று பொருள். உயரம் சுமார் 4,806 மீட்டர். நம் சபாவின் கினபாலு மலை 4,095 மீட்டர். அதன் தலைமேல் இன்னும் எழுநூறு மீட்டரை ஏற்றி வைத்து, எப்போதும் உருகாத பனியால் மூடிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

நாம் போகும் வழி சிகரத்துக்கு ஏறுவதில்லை. கோயிலை வலம் வருவது போல மலையைச் சுற்றி வருகிறது. பிரான்ஸ் நாட்டில் லே ஊஷ் என்ற ஊரில் தொடங்கி, 2,516 மீட்டர் உயரமுள்ள செய்ன் கணவாயைத் தாண்டினால் இத்தாலி. பிறகு 2,537 மீட்டர் உயரத்தில் பெரிய ஃபெரே கணவாய். அதைத் தாண்டினால் சுவிட்சர்லாந்து. கடைசியாக பால்ம் கணவாய் வழியாக மீண்டும் பிரான்ஸ். கணவாய் உச்சியில் ஒரு காலை இத்தாலியிலும் மறு காலைச் சுவிட்சர்லாந்திலும் வைத்துக்கொண்டு நிற்கலாம்!

வழி நெடுக ஏறும் ஏற்றங்களையெல்லாம் கூட்டினால் 10,000 மீட்டருக்குக் குறையாது. அத்தனையும் இறங்கியாக வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஏற்றம் மூச்சை வாங்கும். இறக்கம் முழங்காலை வாங்கும். இதே சுற்றுப்பாதையில் 2003ஆம் ஆண்டு முதல் ஓட்டப் பந்தயம் ஒன்றும் நடக்கிறது. நடப்பவர்கள் பத்து நாளில் முடிப்பதை அதில் முதலாவதாக வருகிறவர் ஏறக்குறைய இருபது மணி நேரத்தில் ஓடி முடிக்கிறார். அது அவர்கள் பாடு. நாம் நடந்தே போவோம்.

அங்குள்ள வழிகாட்டிப் பலகைகளைப் பார்த்தால் உங்களுக்குப் பிடித்துப்போகும். சுவிட்சர்லாந்துப் பகுதியில் பலகைகள் தூரத்தைச் சொல்வதில்லை, நேரத்தைச் சொல்கின்றன. 'அடுத்த ஊர் இரண்டரை மணி' என்றிருக்கும். மலையில் கிலோமீட்டர் கணக்கு உதவாது அல்லவா? மஞ்சள் குறி என்றால் யாரும் நடக்கக்கூடிய பாதை. வெள்ளை, சிவப்பு, வெள்ளைப் பட்டை என்றால் மலைப்பாதை, காலடி கவனம். வெள்ளை, நீலம், வெள்ளை என்றால் தேர்ந்தவர்களுக்கு மட்டும். படிப்பு வேண்டாம், நிறம் தெரிந்தால் போதும்.

குடில் வாழ்க்கை

இத்தனை நாளும் இரவில் எங்கே படுப்பது? அதற்குத்தான் மலைக்குடில்கள். பிரெஞ்சு மொழியில் 'ரெஃப்யூஜ்', இத்தாலிய மொழியில் 'ரிஃபூஜியோ' என்கிறார்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றே: புகலிடம். சுவிட்சர்லாந்தில் 1863ஆம் ஆண்டு மலையேறுவோர் சங்கம் தொடங்கிய உடனேயே, அதே ஆண்டில், டோடி என்னும் மலையில் தன் முதல் குடிலைக் கட்டியது. இன்று அந்த ஒரு சங்கத்திடம் மட்டும் நூற்றைம்பது குடில்களுக்கு மேல் இருக்கின்றன. பிற நாட்டுச் சங்கங்களின் குடில்களும், தனியார் குடில்களும் வேறு.

குடிலுக்குள் நுழைவோமா? நில்லுங்கள்! காலணியை வாசலிலேயே கழற்றி அடுக்கில் வைக்க வேண்டும். நம் வீட்டு வழக்கம்தான். வெள்ளைக்காரர்களும் இங்கே காலணியோடு உள்ளே போக முடியாது. உள்ளே போட்டுக்கொள்ள ரப்பர்ச் செருப்பு பல குடில்களில் வைத்திருப்பார்கள்.

படுக்கை? நீளமான மேடையில் மெத்தைகள் வரிசையாகக் கிடக்கும். முன்பின் தெரியாதவர்கள் தோளோடு தோள் சேர்த்துப் படுக்க வேண்டியதுதான். கம்பளி அவர்கள் கொடுப்பார்கள். அதற்குள் நுழைந்துகொள்ள மெல்லிய துணி உறையை நாம் கொண்டுபோக வேண்டும். குறட்டைக்கு மருந்து அங்கும் கண்டுபிடிக்கவில்லை. பஞ்சை மடக்கிப் பையில் வைத்துக்கொள்வது நல்லது.

சாப்பாடு ஒரே நேரத்தில், ஒரே மேசையில். மாலை ஆறரை, ஏழு மணிக்கு எல்லோரும் உட்கார்ந்துவிட வேண்டும். சூப், ரொட்டி, பாலாடைக்கட்டி, பிறகு சுடச்சுட ஒரு முக்கிய உணவு. இத்தாலிப் பக்கம் போனால் 'பொலெண்டா' கொடுப்பார்கள். மக்காச்சோள மாவைக் கிண்டிச் செய்யும் களி. நம் கேழ்வரகுக் களிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் வடக்கு இத்தாலியின் ஏழைகள் அதை மட்டுமே தின்று உயிர் வாழ்ந்தார்கள். இன்று பயணிகள் அதை விரும்பிக் கேட்டுச் சாப்பிடுகிறார்கள். ஏழையின் சோறு பணக்காரன் மேசைக்குப் போவது எல்லா நாட்டிலும் நடப்பதுதான் போலும்!

இரவு பத்து மணிக்கு விளக்கு அணைந்துவிடும். தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும். சில குடில்களில் குளிக்க வழியே இல்லை. உயரத்திலுள்ள குடில்களுக்கு அரிசி, மாவு, எரிவாயு எல்லாம் இன்று ஹெலிகாப்டரில் போகின்றன. முன்பு கோவேறு கழுதை முதுகிலும் மனிதன் முதுகிலும் போயின. அதனால்தான் நமது குப்பையை நாமே பையில் போட்டுக்கொண்டு கீழே இறக்கிவர வேண்டும் என்பது விதி.

இன்னொரு விதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. காப்பாளர் இல்லாத குளிர்காலத்திலும் பல குடில்களில் ஓர் அறை திறந்தே இருக்கும். விறகு இருக்கும், அடுப்பு இருக்கும், கம்பளி இருக்கும். புயலில் வந்து சேருகிறவர் உள்ளே போய்த் தீ மூட்டிப் படுத்துக்கொள்ளலாம். போகும்போது அறையைக் கூட்டி, கட்டணத்தைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போக வேண்டும். பார்க்க ஆளில்லை; கேட்க ஆளில்லை. ஆனாலும் முறை தொடர்ந்து நடக்கிறது. இந்த வழக்கத்தின் வேர் மிகப் பழையது. சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடையே 2,469 மீட்டர் உயரத்தில் பெரிய செயிண்ட் பெர்னார்ட் கணவாய் இருக்கிறது. அங்கே பதினொன்றாம் நூற்றாண்டில் துறவிகள் ஒரு சத்திரம் கட்டி, வழிப்போக்கர்களைப் பனியிலிருந்து காப்பாற்றி வந்தார்கள். அந்தச் சத்திரம் இன்றும் விருந்தினரை ஏற்கிறது. பனியில் புதைந்தவர்களைத் தேட அவர்கள் வளர்த்த நாய்கள் உலகப் புகழ் பெற்றவை. அவற்றில் பாரி என்ற நாய் நாற்பது பேருக்கு மேல் காப்பாற்றியதாகச் சொல்வார்கள். அது 1814இல் முதுமையால் இறந்தது. நாயின் கழுத்தில் சாராயப் பீப்பாய் தொங்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அது 1820இல் ஓர் ஆங்கில ஓவியர் தீட்டிய படத்திலிருந்து பரவிய கற்பனை.

விடியுமுன் கிளம்புவது ஏன்?

மலை நடைக்காரர்கள் அதிகாலையிலேயே பசியாறிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். காரணம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை வந்தால் மங்கில் இருக்கும் பால் கெட்டுப்போகும் என்று அவசரமாக நிரை முடித்தவர்களின் பிள்ளைகள் அல்லவா நீங்கள்? ஆல்ப்ஸிலும் கோடைக்காலத்தில் காலை வெளுத்திருக்கும். பிற்பகலில் இடி மின்னல் திரண்டுவிடும். மின்னல் வெட்டும்போது மொட்டைக் கணவாயில் நிற்பவன்தான் அங்கே உயரமான மரம். ஆகவே நண்பகலுக்கு முன் உச்சியைத் தாண்டிவிட வேண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு, ஏழு டிகிரி குறையும். ஆகஸ்ட் மாதத்திலும் மேலே பனி பெய்வதுண்டு.

கிளம்புமுன் குடில் புத்தகத்தில் பெயரையும், அடுத்து எங்கே போகிறோம் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். இதுவும் ஒரு பெரட்டுதான். ஆனால் இது கூலிக் கணக்குக்கு அல்ல. ஒருவர் வந்து சேராவிட்டால் எந்தப் பக்கம் தேடுவது என்று தெரிய வேண்டுமே! வழியில் ஆபத்து நேர்ந்தால் அதற்கும் ஒரு மொழி உண்டு. ஒரு நிமிடத்தில் ஆறு முறை விசில் ஊதவோ விளக்கைக் காட்டவோ வேண்டும். பிறகு ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடியும் ஆறு முறை. கேட்டவர் நிமிடத்துக்கு மூன்று முறை பதில் தருவார். 1894இல் முன்மொழியப்பட்ட இந்த முறை இன்றும் செல்லும். கைப்பேசிக்குத் தொடர்பு கிடைக்காத பள்ளத்தாக்கில் ஒரு விசில் உயிரைக் காக்கும்.

இத்தனை ஏற்பாடுகள் இருந்தும் மலை மன்னிப்பதில்லை. 2018ஆம் ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசியில், ஷாமோனி நகரிலிருந்து செர்மாட் நகருக்குப் போகும் உயர்ந்த பனிவழியில், சறுக்குக் கட்டைகளோடு சென்ற 14 பேர் புயலில் மாட்டிக்கொண்டார்கள். கண் தெரியாத பனிக்காற்றில் இரவு முழுவதும் வெட்டவெளியில் கிடந்தார்கள். ஏழு பேர் இறந்துபோனார்கள். அவர்கள் போய்ச் சேர வேண்டிய குடில் எவ்வளவு தூரத்தில் இருந்தது தெரியுமா? சுமார் அரைக் கிலோமீட்டர். வாசல் திறந்திருந்தால் மட்டும் போதாது. வானம் கறுக்குமுன் 'இன்று வேண்டாம்' என்று சொல்லவும் ஒரு துணிவு வேண்டும்.

அந்த மூன்று பேர்

இப்போது நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன்.

மோன் பிளாங்க் சிகரத்தில் முதன்முதலாகக் கால் வைத்தவர்கள் ஷாமோனியைச் சேர்ந்த இருவர். ஒருவர் மருத்துவர் பக்கார். மற்றவர் மலையில் படிகக் கல் தேடி விற்றுப் பிழைத்த பால்மா. ஆண்டு 1786. அதன்பின் ஐரோப்பாவின் கனவான்களுக்கெல்லாம் அந்த மலைமீது ஆசை பிறந்தது. மறு ஆண்டே சோசூர் என்ற அறிஞர் ஏறினார். அவருக்குத் துணையாகப் போன வழிகாட்டிகள் 18 பேர்! ஏணி, கூடாரம், கருவிகள், உணவு எல்லாம் அவர்கள் முதுகில். சிகரத்தைத் தொட்டது யார் என்று சரித்திரம் எழுதி வைத்தது. முதுகு வலித்தது யாருக்கு என்று எழுத மறந்துவிட்டது.

1820ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஹாமெல் என்னும் ரஷ்ய நாட்டு அறிஞரும் இரண்டு ஆங்கிலேயக் கனவான்களும் வழிகாட்டிகளோடு மலையேறினார்கள். நடுவழிப் பாறையில் தங்கியபோது புயல் அடித்தது. திரும்பிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. ஆனால் மேலே போவது என்றே முடிவாயிற்று. புதிதாகப் பெய்த பனி சரிவில் ஒட்டாமல் கிடந்தது. அவர்கள் குறுக்கே நடந்தபோது சரிவு முழுவதும் பெயர்ந்து அவர்களை அடித்துக்கொண்டு போயிற்று. கனவான்கள் மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். பியர் பால்மா, பியர் கார்ரியே, ஒகுஸ்த் தேராஸ் என்னும் மூன்று வழிகாட்டிகள் ஆழமான பனிப்பிளவில் விழுந்து புதைந்துபோனார்கள். அந்தப் பெயர்களை வேண்டுமென்றே இங்கே எழுதுகிறேன். கூலிக்காகச் சுமந்து கூலிக்காக மடிந்தவர்களின் பெயர்களை நாமாவது ஒரு முறை வாய்விட்டுப் படிப்போமே!

அழுதுவிட்டு அதோடு இருந்துவிடவில்லை ஷாமோனி மக்கள். மறு ஆண்டே, 1821இல், வழிகாட்டிகள் ஒன்றுசேர்ந்து சங்கம் அமைத்தார்கள். வேலை வந்தால் ஒருவரே பிடித்துக்கொள்ளக் கூடாது, முறை வைத்துப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று விதி செய்தார்கள். விபத்தில் அடிபட்டவர்களுக்கும் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் உதவ ஒரு நிதி வைத்தார்கள். உலகத்திலேயே மிகப் பழைய மலைவழிகாட்டிகள் சங்கம் அது. 2021இல் இருநூறு ஆண்டுகளை நிறைவு செய்து, இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. தோட்டத்தில் சங்கம் என்ற சொல்லின் அருமை தெரிந்த உங்களுக்கு இதற்குமேல் நான் விளக்க வேண்டுமா?

கதை இன்னும் முடியவில்லை. பனியாறு என்பது பெயருக்கு ஏற்றபடி ஓடுகிற ஆறுதான். ஆனால் மிக மெதுவாக ஓடும். 1861ஆம் ஆண்டு, 41 ஆண்டுகளுக்குப் பிறகு, பொசோன் என்னும் பனியாற்றின் அடிவாரத்தில் அந்த மூவரின் உடல் எச்சங்களும் உடைமைகளும் வெளிவரத் தொடங்கின. அன்று உயிர் தப்பிய ஒரு வழிகாட்டி கிழவராக இன்னும் ஊரில் இருந்தார். தன் வாலிபத் தோழர்களின் எச்சங்களைத் தள்ளாத வயதில் பார்க்கும் விதி அவருக்கு நேர்ந்தது.

உருகும் படிக்கட்டு

இன்று அந்தப் பனியாறுகளே கரைந்துகொண்டிருக்கின்றன. ஆல்ப்ஸின் மிகப் பெரிய பனியாறான அலெட்ச் சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. அதன் கரையில் கொன்கோர்டியா என்ற குடிலை 1877இல் கட்டியபோது, பனியிலிருந்து ஐம்பது மீட்டர்போல ஏறினால் குடில் வந்துவிடும். பூமி சூடேறச் சூடேறப் பனி கீழே இறங்கிவிட்டது. குடில் பாறையிலேயே நிற்கிறது. ஆகவே ஆண்டுகள் செல்லச் செல்லப் பாறையில் இரும்புப் படிகளை நீட்டிக்கொண்டே போகிறார்கள். இப்போது நானூறு படிகளுக்கு மேல் ஏற வேண்டும். நாள் முழுவதும் நடந்து களைத்தவன் அந்தப் படிகளில் ஏறும்போது, ஒவ்வொரு படியும் உருகிப்போன பனியின் கணக்கு என்பது அவன் காலுக்கே தெரிந்துவிடும்.

2022ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் இத்தாலியின் மார்மொலாடா மலையில் பனியாற்றின் ஒரு பகுதி உடைந்து விழுந்து 11 பேர் உயிரிழந்தார்கள். நேற்றுவரை பாதையாக இருந்த இடம் இன்று பாதை அல்ல என்ற நிலை வந்திருக்கிறது. பழைய வழியை நம்பாமல், குடில் காப்பாளரைக் கேட்டுக்கொண்டு நடப்பதே இன்றைய விதி.

பாட்டியின் கேள்விக்கு வருவோம்

அன்பர்களே, எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு ஆல்ப்ஸுக்குப் புறப்படுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. விமானச் சீட்டும் குடில் கட்டணமும் நம் குடும்பங்களுக்கு லேசான செலவல்ல. ஆனால் தோட்டத்து வீட்டிலிருந்து படித்துப் பெரிய வேலைக்குப் போன பிள்ளைகள் இன்று உலகமெங்கும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் நாளைக்கு அந்த வழியில் நடக்கலாம். அப்படி நடக்கிறவர் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவுக்குள் போகட்டும். குடில்களில் இடத்தை முன்கூட்டியே பதிந்துகொள்ளட்டும். பையின் கனம் எட்டு, பத்துக் கிலோவுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளட்டும். கூட்டத்தில் மெதுவாக நடப்பவர் யாரோ, அவருடைய வேகமே எல்லோருடைய வேகமாக இருக்கட்டும்.

பொலெண்டா மேசையில் உட்காரும்போது, தன் பாட்டி எந்த மேட்டில் எத்தனை வாளி தூக்கினார் என்பதைப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லட்டும். வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை. அந்த மேசையில் இருப்பவர்களின் முன்னோரும் சுமை தூக்கியவர்களாக இருக்கலாம்.

காசு கொடுத்து ஏன் நடக்கிறார்கள் என்ற பாட்டியின் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான். யாரும் மேற்பார்வை பார்க்காமல், எடை போடும் தராசு காத்திருக்காமல், தன் காலால் தான் விரும்பிய இடத்துக்கு நடந்து போவது ஒரு சுகம். நம் பாட்டிமார்களுக்கு அந்த நடை கொடுத்து வைக்கவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்து வாருங்கள். மெதுவாகவே நடங்கள். அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே நீங்களும் நில்லுங்கள்.

அடுத்த இதழில் வேறொரு தேசத்தில் சந்திப்போம். வணக்கம்.